அத்தியாயம் 6: கணினியை நாமே சுத்தம் செய்வோம் – ஆட்வேர், மால்வேர் நீக்கமும் தடுப்பும்

பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் காலையில் லேப்டாப்பைத் திறந்தபடியே இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"தம்பி, இதைக் கொஞ்சம் பாருங்க. நாலு நாளைக்கு முன்னாடிதான் கடையில குடுத்து ஃபார்மட் பண்ணி வாங்கினேன். கூகுள்ல எதைத் தேடினாலும் மறுபடியும் அதே விளம்பரப் பக்கத்துக்குத்தான் போகுது."

"சார், ஃபார்மட் ஆகி வந்ததும் குரோம்ல உங்க பழைய ஜிமெயிலைப் போட்டு உள்ளே போனீங்களா?"

"ஆமாம். அது இல்லாம எப்படி?"

காரணம் அங்கேதான் இருந்தது. எப்போதோ அவர் சேர்த்த, வானிலை காட்டும் எக்ஸ்டென்ஷன் ஒன்று அவருடைய கூகுள் கணக்கில் பதிவாகி இருந்தது. ஹார்ட் டிஸ்கைத் துடைத்தாலும், அதே கணக்கில் நுழைந்ததும் குரோம் அதைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. நீக்க இரண்டு நிமிடம் ஆயிற்று. ஆனால் ஃபார்மட்டில் போனவை திரும்பவில்லை. பதினைந்து ஆண்டுகளாக அவர் ஸ்கேன் செய்து சேர்த்து வைத்திருந்த பள்ளிக் குழுப் படங்கள் அந்த டிஸ்கில் மட்டும்தான் இருந்தன.

சரியான வேலையையே முறை மாற்றிச் செய்ததால் வந்த இழப்பு இது. அதனால் இந்த அத்தியாயத்தில் எதற்குப் பிறகு எது என்பதற்கே முதலிடம் கொடுத்திருக்கிறேன். படிகளைத் தாண்டிக் குதிக்காமல் வாருங்கள்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கணினிகளில் நான் பார்த்த ஆட்வேரில் பெரும்பகுதி பூட்டை உடைத்து வந்ததில்லை. யாரோ ஒருவர் 'அலவ்' அல்லது 'நெக்ஸ்ட்' அழுத்தியதால் உள்ளே வந்தது. கொடுத்த அனுமதிகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறுவதுதான் சுத்தம். அடுத்த அனுமதியை யோசித்துக் கொடுப்பதுதான் தடுப்பு.

தேவையானவை

- விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள கணினி
- இணைய வசதியுள்ள கைபேசி (பாஸ்வேர்டு மாற்ற)
- எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் அல்லது போதிய இடமுள்ள பென் டிரைவ்
- ஒரு நோட்டும் பேனாவும் (எதை நீக்கினீர்கள், எதை அணைத்தீர்கள் என்று குறிக்க)
- அரை நாள் நேரம். அதில் பெரும்பகுதி ஸ்கேன் ஓடுவதற்கே போய்விடும்.

மெனுப் பெயர்கள் திரையில் எப்படி வருமோ அப்படியே தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். உங்கள் பதிப்பில் ஏதாவது இடம் மாறியிருந்தால், 'செட்டிங்ஸ்' பக்கத்திலுள்ள தேடல் பெட்டியில் அந்தப் பெயரைத் தட்டச்சு செய்யுங்கள்.

## முதலில் எந்த வகை என்று பாருங்கள்

வகை 1: நோட்டிஃபிகேஷன் தொல்லை. திரையின் வலது கீழ் மூலையில் சின்னப் பெட்டிகள் வரும். "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்", "பரிசு விழுந்துள்ளது" என்றெல்லாம் சொல்லும். பெட்டியை உற்றுப் பாருங்கள். தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் பிரவுசரின் பெயரோ ஏதாவது இணையதள முகவரியோ இருந்தால் அது வைரஸ் இல்லை. நீங்கள் அனுமதி கொடுத்த இணையதளம் அனுப்பும் விளம்பரம். ஆன்டிவைரஸ் இதைப் பிடிக்காது, ஏனென்றால் கணினியில் கெட்ட ஃபைல் எதுவும் இல்லை.

வகை 2: பிரவுசர் கடத்தல். முகப்புப் பக்கம் தானாக மாறும். தேடினால் வேறு தளம் திறக்கும். பழகிய தளங்களிலும் புதிது புதிதாக விளம்பரம் முளைக்கும்.

வகை 3: கணினியில் உட்கார்ந்த ஆட்வேர். பிரவுசரைத் திறக்காதபோதும் விளம்பரம் வரும். நீங்கள் போடாத 'கிளீனர்', 'பூஸ்டர்', 'டிரைவர் அப்டேட்டர்' போன்றவை கணினி தொடங்கும்போதே எழுந்துவந்து பணம் கட்டச் சொல்லும்.

வகை 4: உண்மையான மால்வேர். விண்டோஸ் செக்யூரிட்டி திறக்காது, அல்லது தானாக அணைந்துவிடும். உங்கள் மின்னஞ்சலில் இருந்து நீங்கள் அனுப்பாத கடிதங்கள் போகும். ஃபைல்களின் பெயர்கள் மாறித் திறக்க மறுக்கும்.

முதல் இரண்டு வகை என்றால் அடுத்த பகுதிகளை நிதானமாகச் செய்யலாம். மூன்று, நான்கு என்ற சந்தேகம் வந்தால் உடனே வைஃபையை அணையுங்கள், அல்லது நெட் கேபிளைப் பிடுங்குங்கள்.

## தொடங்கும் முன் மூன்று காப்புகள்

1. இந்தக் கணினியில் வங்கி வேலை வேண்டாம். சுத்தம் முடியும்வரை நெட் பேங்கிங், யுபிஐ, ஓடிபி எதையும் இதில் தொடாதீர்கள்.
2. முக்கியமான ஃபைல்களை வெளியே எடுங்கள். படங்கள், வேர்டு, எக்ஸெல், பிடிஎஃப் ஃபைல்களை எக்ஸ்டர்னல் டிஸ்கில் நகலெடுங்கள். இன்ஸ்டால் செய்யும் ஃபைல்களையும் மென்பொருள் ஃபோல்டர்களையும் நகலெடுக்காதீர்கள், நோயும் கூடவே போய்விடும். நகலெடுத்ததும் டிஸ்கைக் கழற்றிவிடுங்கள். ஸ்கேன் நடக்கும்போது அது மாட்டியிருக்கக் கூடாது.
3. ஃபைல்கள் ஏற்கெனவே பூட்டப்பட்டிருந்தால் நல்ல பேக்கப் டிஸ்கை மாட்டவே மாட்டாதீர்கள். நேராக 'அவசர நிலைகள்' பகுதிக்குப் போங்கள்.

## சுத்தம் செய்யும் படிகள்

படி 1: நோட்டிஃபிகேஷன் அனுமதிகளைத் திரும்பப் பெறுங்கள்

குரோமில் வலது மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளி → 'செட்டிங்ஸ்' → 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' → 'சைட் செட்டிங்ஸ்' → 'நோட்டிஃபிகேஷன்ஸ்'. அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். தெரியாத பெயர் ஒவ்வொன்றுக்கும் எதிரே உள்ள மூன்று புள்ளியை அழுத்தி 'பிளாக்' கொடுங்கள். அதே பக்கத்தில், எந்தத் தளமும் நோட்டிஃபிகேஷன் அனுப்பக் கூடாது என்னும் அமைப்பும் உண்டு. வாட்ஸ்அப் வெப், மின்னஞ்சல் போன்றவற்றுக்கு நோட்டிஃபிகேஷன் தேவையில்லாதவர்கள் அதையே தேர்ந்தெடுத்துவிடலாம்.

எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருப்பவர்கள் அவற்றின் செட்டிங்ஸில் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று தேடி இதையே செய்யுங்கள்.

படி 2: எக்ஸ்டென்ஷன்களைக் களையெடுங்கள்

மூன்று புள்ளி → 'எக்ஸ்டென்ஷன்ஸ்' → 'மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்'. ஒவ்வொன்றையும் பார்த்து, "இதை நான் போட்டேனா? இப்போது பயன்படுத்துகிறேனா?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் 'ஆம்' இல்லையென்றால் 'ரிமூவ்'. கூப்பன், வானிலை, பிடிஎஃப் மாற்றி, வீடியோ டவுன்லோடர் என்ற பெயர்களில் வருபவற்றைக் கூடுதலாகச் சந்தேகியுங்கள்.

*குறிப்பு:* கூகுள் கணக்கில் நுழைந்து, சிங்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே நீக்குங்கள். அப்போதுதான் கணக்கிலிருந்தும் அது போகும். தலைமையாசிரியர் வீட்டில் விடுபட்ட படி இதுதான்.

சில எக்ஸ்டென்ஷன்களுக்கு 'ரிமூவ்' பொத்தானே இருக்காது. 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்ற பொருளில் ஆங்கில வாசகமும் இருக்கலாம். அலுவலகக் கணினியில் அது இயல்பு. சொந்தக் கணினியில் தெரிந்தால், ஏதாவது ஒரு மென்பொருள் உள்ளே புகுந்து கொள்கை விதியைப் போட்டிருக்கலாம். நோட்டில் குறித்துக்கொண்டு தொடருங்கள். படி 8 முடிந்தபின் மறுபடி வந்து பாருங்கள்.

படி 3: பிரவுசரை முதல் நிலைக்குக் கொண்டுவாருங்கள்

'செட்டிங்ஸ்' → 'ரீசெட் செட்டிங்ஸ்' → 'ரீஸ்டோர் செட்டிங்ஸ் டு தேர் ஒரிஜினல் டிஃபால்ட்ஸ்'. முகப்புப் பக்கம், தேடுபொறி எல்லாம் பழையபடி ஆகும். எக்ஸ்டென்ஷன்கள் அணைக்கப்படும், குக்கீகள் அழியும், அதனால் தளங்களில் மறுபடி லாகின் செய்ய வேண்டிவரும். புக்மார்க்கும் சேமித்த பாஸ்வேர்டும் அழியாது.

படி 4: ஷார்ட்கட்டைச் சோதியுங்கள்

டெஸ்க்டாப்பில் பிரவுசர் ஐகான் மீது ரைட் கிளிக் → 'பிராப்பர்ட்டீஸ்' → 'டார்கெட்' பெட்டி. நீங்களோ அலுவலகமோ வேண்டுமென்றே எதையும் சேர்த்திராவிட்டால், வரி பிரவுசர் ஃபைலின் பெயரோடு முடிய வேண்டும். அதன் பின்னால் ஏதாவது இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால், அந்தப் பகுதியை மட்டும் அழித்து 'ஓகே' கொடுங்கள். ஐகானை அழுத்தும்போதெல்லாம் விளம்பரப் பக்கம் திறப்பதற்கு இந்த ஒரு வரி போதும்.

படி 5: வேண்டாத மென்பொருள்களை நீக்குங்கள்

'செட்டிங்ஸ்' → 'ஆப்ஸ்' → 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' (விண்டோஸ் 10-இல் 'ஆப்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்'). பட்டியலை இன்ஸ்டால் செய்த தேதி வாரியாக அடுக்குங்கள். தொல்லை எப்போது தொடங்கியது என்று நினைவுபடுத்தி, அந்த நாளையொட்டி வந்தவற்றை முதலில் பாருங்கள். பெரும்பாலும் ஒரே நாளில் மூன்று நான்கு சேர்ந்து நுழைந்திருக்கும்.

*கவனம்:*
- நீக்கும்போது வரும் ஜன்னலை வாசியுங்கள். சில ஆட்வேர்களில் 'வைத்துக்கொள்' என்ற பொத்தான் பெரிதாகப் பளிச்சென்றும், 'நீக்கு' என்பது மங்கிய சின்ன எழுத்திலும் இருக்கும்.
- இன்டெல், ஏஎம்டி, ரியல்டெக், என்விடியா பெயருள்ளவற்றையும் 'விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்' என்பவற்றையும் தொடாதீர்கள். கணினியும் மற்ற மென்பொருள்களும் ஓட இவை வேண்டும்.

படி 6: கணினியோடு சேர்ந்து எழுபவற்றை அடக்குங்கள்

'கண்ட்ரோல்', 'ஷிஃப்ட்', 'எஸ்கேப்' மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். 'ஸ்டார்ட்டப் ஆப்ஸ்' பகுதியில் தெரியாத பெயரின் மீது ரைட் கிளிக் → 'டிஸேபிள்'. இது அழிப்பதில்லை, தூங்கவைப்பது மட்டும்தான். தவறாக அணைத்துவிட்டால் திரும்ப எழுப்பலாம். அதற்காகத்தான் நோட்டில் குறிக்கச் சொன்னேன்.

படி 7: முழு ஸ்கேன், பிறகு ஆஃப்லைன் ஸ்கேன்

'விண்டோஸ் செக்யூரிட்டி' → 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்'. இணைப்பைத் துண்டித்திருந்தால், இந்த அப்டேட்டுக்கு மட்டும் திரும்பக் கொடுங்கள்.

1. 'புரொடெக்‌ஷன் அப்டேட்ஸ்' சென்று அப்டேட் செய்யுங்கள்.
2. 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' → 'ஃபுல் ஸ்கேன்'. டிஸ்கின் அளவைப் பொறுத்துப் பல மணி நேரம் ஆகலாம். சார்ஜரை மாட்டிவையுங்கள்.
3. திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டு, அதே இடத்தில் 'மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். கணினி அணைந்து, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே ஸ்கேன் ஓடும். சுமார் 15 நிமிடம் ஆகும். விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்ளும் மால்வேருக்கு இப்போது ஒளிய இடம் குறைவு.
4. முடிந்ததும் 'புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி'யில் என்ன அகப்பட்டது என்று பாருங்கள்.

வேறு ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் அதன் முழு ஸ்கேனை ஓட்டுங்கள். அதன் சந்தா காலாவதி ஆகியிருந்தால், அதை நீக்கிவிட்டு விண்டோஸோடு வரும் டிஃபெண்டரையே பயன்படுத்துங்கள்.

படி 8: இன்னொரு கண்ணால் பாருங்கள்

ஒரு கருவி விட்டதை இன்னொன்று பிடிக்கலாம். விளம்பர மென்பொருளுக்கு மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் இலவச 'ஆட்வ்கிளீனர்', மற்றவற்றுக்கு 'மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர்'. இரண்டையும் அந்தந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுங்கள். சேஃப்டி ஸ்கேனர் டவுன்லோடு செய்த 10 நாளில் காலாவதியாகும் என்பதால், ஒவ்வொரு முறையும் புதிதாக எடுக்க வேண்டும்.

படி 9: பிராக்ஸியைப் பாருங்கள்

'செட்டிங்ஸ்' → 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' → 'பிராக்ஸி'. வீட்டுக் கணினியில் 'யூஸ் எ பிராக்ஸி சர்வர்' அணைந்திருக்க வேண்டும். ஆட்வேரை நீக்கியபின் இணையமே வேலை செய்யவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடமும் இதுதான். ஆட்வேர் போனாலும் அது போட்டுவைத்த மாற்றுப்பாதை அப்படியே நின்றிருக்கும்.

படி 10: கைபேசியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள்

மூன்று, நான்காம் வகை என்றால் இதை விடவே கூடாது. முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி, பிறகு சமூக ஊடகங்கள். மின்னஞ்சல் கையில் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் மீட்கலாம், அதனால்தான் அது முதலில். தகவல் திருடும் மால்வேர் பாஸ்வேர்டை மட்டும் எடுப்பதில்லை. நீங்கள் ஏற்கெனவே லாகின் ஆகியிருப்பதற்கான குக்கீயையும் எடுத்துப்போகும். ஆகவே ஒவ்வொரு கணக்கிலும் எல்லாக் கருவிகளிலிருந்தும் 'சைன் அவுட்' கொடுங்கள். கையோடு இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சரியாகவில்லையா? 'செட்டிங்ஸ்' → 'சிஸ்டம்' → 'ரெக்கவரி' → 'ரீசெட் திஸ் பிசி' (விண்டோஸ் 10-இல் 'அப்டேட் அண்ட் செக்யூரிட்டி'க்குள்). பேக்கப் கையில் இருப்பதை இன்னொரு கணினியில் திறந்து பார்த்து உறுதிசெய்த பிறகே 'ரிமூவ் எவ்ரிதிங்' அழுத்துங்கள். 'கிளவுட் டவுன்லோடு' தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் புதிதாக இறங்கும். 4 ஜிபிக்கு மேல் டேட்டா ஆகலாம்.

## அவசர நிலைகள்

திரை முழுதும் எச்சரிக்கை, கூடவே அலறல் சத்தம், ஒரு போன் நம்பர்

இது ஒரு இணையப் பக்கம் மட்டுமே. மைக்ரோசாஃப்டின் பிழைச் செய்திகளில் போன் நம்பர் இருக்கவே இருக்காது. நம்பரைக் கண்டாலே போலி என்று முடிவு செய்யலாம்.

1. எதையும் கிளிக் செய்யாதீர்கள். மூடும் பெருக்கல் குறியே பொய்யாக இருக்கலாம்.
2. 'எஸ்கேப்' விசையை அழுத்திப் பிடியுங்கள். முழுத்திரை சுருங்கும்.
3. 'ஆல்ட்', 'எஃப்4' சேர்த்து அழுத்துங்கள். மூடவில்லையென்றால் டாஸ்க் மேனேஜரில் பிரவுசரைத் தேர்ந்து 'எண்ட் டாஸ்க்'.
4. மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை 'ரீஸ்டோர்' செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

"நான் மனிதன்தான் என்று நிரூபி" என்று விசைகளை அழுத்தச் சொல்லும் பக்கம்

அண்மை ஆண்டுகளில் வேகமாகப் பரவியிருக்கும் தந்திரம் இது. விண்டோஸ் விசையோடு 'ஆர்', அடுத்து 'கண்ட்ரோல்' 'வி', கடைசியில் 'என்டர்' என்று மூன்று படிகள் சொல்லும். பக்கம் உங்களுக்குத் தெரியாமல் ஒரு கட்டளையை நகலெடுத்து வைத்திருக்கும். அந்த மூன்று விசைகளால் அதை நீங்களே ஓட்டிவிடுவீர்கள். உண்மையான கேப்சா படத்தையோ பெட்டியையோ கிளிக் செய்யச் சொல்லும். விண்டோஸின் 'ரன்' பெட்டியைத் திறக்கச் சொல்லாது. அழுத்திவிட்டீர்கள் என்றால் உடனே இணையத்தைத் துண்டித்து, படி 7-க்கும் 10-க்கும் போங்கள்.

யாரோ ஒருவருக்குக் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கக் கொடுத்துவிட்டீர்கள்

எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை நல்ல கருவிகள்தாம். தெரியாதவர் போனில் சொல்லி அவற்றைப் போடவைத்தால் மட்டும் அது மோசடி. இணையத்தைத் துண்டியுங்கள், அந்தக் கருவியை நீக்குங்கள், வங்கிக்குப் போன் செய்யுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற தேசிய உதவி எண்ணை உடனே அழையுங்கள். தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் புகாரைப் பதியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை இடையில் நிறுத்த வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டுத் தாமதிக்காதீர்கள். படித்தவர்களும் ஏமாறும்படி பயிற்சி பெற்றுப் பேசுகிறவர்கள் அவர்கள்.

ஃபைல்கள் பூட்டப்பட்டுப் பணம் கேட்கும் செய்தி

இணையத்தையும் எக்ஸ்டர்னல் டிஸ்குகளையும் துண்டியுங்கள். செய்தியைக் கைபேசியில் படம் எடுங்கள். பணம் கட்டினாலும் ஃபைல் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. 2016-இல் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில், சில வகைகளுக்கு இலவசச் சாவிகள் கிடைக்கின்றன. இன்று இல்லாத சாவி பின்னர் வரலாம் என்பதால் பூட்டிய ஃபைல்களை அழிக்காமல் தனியே வையுங்கள்.

## ஒருமுறை செய்து வைக்க வேண்டிய அமைப்புகள்

1. அப்டேட். 2017 மே 12 அன்று வன்னாக்ரை என்ற ரான்சம்வேர் கிளம்பி, 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. பிரிட்டன் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. 'விண்டோஸ் அப்டேட்' கேட்கும்போது "பிறகு" என்று சொல்லும்முன் அந்த இரண்டு மாத இடைவெளியை நினைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. பழைய கணினியில் விண்டோஸ் 11 ஏறாது என்றால் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு போடலாம். இலவசம், தமிழிலும் எழுதலாம்.

2. வேண்டாத மென்பொருள் தடுப்பு. 'விண்டோஸ் செக்யூரிட்டி' → 'ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல்' → 'ரெபுடேஷன்-பேஸ்டு புரொடெக்‌ஷன்'. இதில் 'பொட்டென்ஷியலி அன்வான்டட் ஆப் பிளாக்கிங்' என்பதை இயக்குங்கள். ஆட்வேருக்கென்றே உள்ள வேலி இது.

3. ஃபைல் பெயரின் வாலைக் காட்டுங்கள். 2000-ஆம் ஆண்டு மே மாதம் உலகைக் கலக்கிய 'ஐ லவ் யூ' வைரஸ், காதல் கடிதம் என்ற பெயரில் மின்னஞ்சலில் வந்தது. அதன் பெயரில் எழுத்து ஃபைலுக்குரிய 'டிஎக்ஸ்டி' முன்னாலும், கட்டளை ஃபைலுக்குரிய 'விபிஎஸ்' கடைசியிலும் இருந்தன. விண்டோஸ் கடைசி வாலை மறைத்ததால் பலருக்கு அது சாதாரணக் கடிதமாகத் தெரிந்தது. அந்த மறைப்பு இன்றும் இருக்கிறது. விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் → 'வியூ' → 'ஷோ' → 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். 'பிடிஎஃப்' என்று தொடங்கி 'இஎக்ஸ்இ' என்று முடியும் 'பில்' வந்தால் திறக்காமல் அழித்துவிடலாம்.

4. அன்றாடத்துக்குத் தனிக் கணக்கு. 'செட்டிங்ஸ்' → 'அக்கவுண்ட்ஸ்' → 'அதர் யூசர்ஸ்' மூலம் 'ஸ்டாண்டர்ட்' கணக்கு ஒன்று திறந்து அதிலேயே வேலை செய்யுங்கள். அட்மின் பாஸ்வேர்டு உங்களிடம் மட்டும் இருக்கட்டும். பிள்ளைகள் விளையாட்டு என்று எதையாவது இன்ஸ்டால் செய்யும்போது கணினி உங்களைக் கேட்கும்.

5. விளம்பரத் தடுப்பான். ஃபயர்ஃபாக்ஸில் 'யூபிளாக் ஆரிஜின்', குரோமில் 'யூபிளாக் ஆரிஜின் லைட்'. பொய் டவுன்லோடு பொத்தான்களில் பெரும்பாலானவை கண்ணிலேயே படாது.

## புதிய மென்பொருள் போடும் முறை

தமிழில் தட்டச்சு செய்ய ஒரு மென்பொருள் தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில், விண்டோஸிலேயே தமிழ் விசைப்பலகை உண்டு. 'செட்டிங்ஸ்' → 'டைம் அண்ட் லாங்குவேஜ்' சென்று தமிழைச் சேர்த்தால் போதும். எதையும் டவுன்லோடு செய்யாமல் முடியும் வேலைக்கு டவுன்லோடு வேண்டாம். வேறு மென்பொருள்தான் வேண்டுமென்றால்:

1. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருக்கிறதா என்று பாருங்கள்.
2. இல்லையென்றால் அதை உருவாக்கியவரின் சொந்தத் தளத்துக்குப் போங்கள். தேடல் முடிவில் 'ஸ்பான்சர்டு' என்று குறித்து மேலே நிற்பது காசு கொடுத்து வாங்கிய இடம். போலித் தளங்களும் அந்த இடத்தை வாங்குவதுண்டு.
3. பக்கத்தில் மூன்று டவுன்லோடு பொத்தான்கள் இருந்தால் மவுஸை மேலே வைத்து, கீழே தெரியும் முகவரியைப் படியுங்கள்.
4. சந்தேகம் இருந்தால் ஃபைலை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றுங்கள். 70-க்கும் மேற்பட்ட கருவிகள் சோதித்துச் சொல்லும். சொந்த ஆவணங்களை மட்டும் ஏற்ற வேண்டாம், அங்கு ஏற்றுவதை ஆய்வாளர்களும் பார்க்க முடியும்.
5. இன்ஸ்டால் செய்யும்போது 'எக்ஸ்பிரஸ்' வேண்டாம், 'கஸ்டம்' அல்லது 'அட்வான்ஸ்டு' அழுத்துங்கள். கூடவே வரும் டூல்பார், கிளீனர்களின் டிக்குகளை எடுங்கள்.
6. திரை மங்கி அனுமதி கேட்கும்போது நிறுவனத்தின் பெயரைப் படியுங்கள். 'அன்னோன்' என்று இருந்தால், எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதில் உறுதி இருந்தாலொழிய 'நோ'.

கிராக், ஆக்டிவேட்டர் பற்றி: "முதலில் ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்" என்று சொல்லும் எதையும் போடாதீர்கள். காவல்காரரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் திற என்பதுதான் அதன் பொருள். வீட்டுக் கணினிகளைப் பூட்டிய 'ஸ்டாப்' ரான்சம்வேர் இப்படிப்பட்ட கிராக்குகள் வழியாகத்தான் பெரிதும் பரவியது. போட்டோஷாப் வாங்க முடியாதவர்களுக்கு ஜிம்ப், ஆஃபீஸுக்கு லிப்ரே ஆஃபீஸ் இருக்கின்றன. இரண்டும் இலவசம், சட்டபூர்வம்.

## ஜெராக்ஸ் கடையிலிருந்து வரும் பென் டிரைவ்

ஒரே நாளில் பலருடைய பென் டிரைவ் மாட்டப்படும் கணினி அது. திரும்பி வந்ததும் ஃபோல்டர்களின் ஐகானில் சின்ன அம்புக்குறி இருந்தால், அது ஃபோல்டர் இல்லை, ஷார்ட்கட். இரட்டைக் கிளிக் செய்தால் புழு ஓடத் தொடங்கும்.

1. 'செட்டிங்ஸ்' → 'புளூடூத் அண்ட் டிவைசஸ்' → 'ஆட்டோபிளே' அணையுங்கள். இதை முன்கூட்டியே செய்து வையுங்கள்.
2. பென் டிரைவின் பெயர் மீது ரைட் கிளிக் செய்து, டிஃபெண்டரால் ஸ்கேன் செய்யுங்கள்.
3. 'வியூ' → 'ஷோ' → 'ஹிடன் ஐட்டம்ஸ்' டிக் செய்தால் மறைக்கப்பட்ட உண்மையான ஃபைல்கள் மங்கலாகத் தெரியும். தெரியாவிட்டால் 'ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்' → 'வியூ' பகுதியில், 'ஹைட் புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்பதன் டிக்கைத் தற்காலிகமாக எடுங்கள்.
4. ஆவணங்களை மட்டும் நகலெடுத்து, பென் டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். எடுத்த டிக்கைத் திரும்பப் போடுங்கள்.

*குறிப்பு:* கடைக்கென்றே ஒரு சின்ன பென் டிரைவ் வையுங்கள். அச்சிட வேண்டிய பிடிஎஃப் தவிர வேறெதுவும் அதில் வேண்டாம்.

## அடிக்கடி நடக்கும் தவறுகள்

- இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒன்றாக ஓடவிடுவது. ஒன்றையொன்று தடுத்து, கணினி நகராது. காவலுக்கு ஒன்று போதும். படி 8-இல் சொன்னவை தேவைப்படும்போது மட்டும் ஓடுபவை.
- 'பிசி கிளீனர்' தேடிப் போவது. நோயே மருந்து வேடத்தில் வரும் இடம் அது.
- எல்லாத் தளத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு. ஒன்று போனால் எல்லாம் போகும்.
- பேக்கப் டிஸ்கை எப்போதும் மாட்டியே வைப்பது. ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டும்.
- எடுத்தவுடன் ஃபார்மட். அது கடைசிப் படி.

## மாதத்தின் முதல் ஞாயிறு: 20 நிமிடம்

1. விண்டோஸ், பிரவுசர் அப்டேட்
2. எக்ஸ்டென்ஷன் பட்டியல்
3. நோட்டிஃபிகேஷன் பட்டியல்
4. தேதி வாரியாக இன்ஸ்டால் ஆனவை
5. டிஃபெண்டர் 'குவிக் ஸ்கேன்'
6. பேக்கப், பிறகு டிஸ்கைக் கழற்றுவது

பேக்கப்புக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில். தலைமையாசிரியர் பழைய மாணவர்களைத் தேடிக் கேட்டு, குழுப் படங்களில் பாதிக்கு மேல் திரும்பச் சேர்த்துவிட்டார். இப்போது அவை லேப்டாப்பில் ஒன்று, அலமாரியில் உள்ள டிஸ்கில் ஒன்று, மகள் வீட்டு டிஸ்கில் ஒன்று என்று இருக்கின்றன. மீதிப் படங்கள் யாரிடமும் இல்லை.

இந்த அத்தியாயத்தில் இன்று ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், மேலே உள்ள மாதப் பட்டியலின் ஆறாவதை, அதாவது பேக்கப்பை, முதலில் செய்யுங்கள். விளம்பரத்தை நாளைக்குக்கூட நீக்கலாம்.